சேகண்டிக்கு இறங்கும் பருந்துகள்

சோளக்காட்டிலிருந்து கீழே இறங்கும் மண்பாதையில் யாரிடமாவது தனபால் வீடு எது என்று கேட்டால், எந்தத் தனபால் என்று திருப்பிக் கேட்பார்கள். சேகண்டி தனபால் என்றால் உடனே கையை நீட்டிக் காட்டுவார்கள். பக்திக்காக ஊர் கொடுத்த பட்டம் அது. விடிந்ததும் பல்கூட விளக்காமல் சாமிக்குச் சேகண்டி அடிக்கிற ஆள் இந்த மலையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அவன் அடித்தது சாமிக்கு இல்லை. அது அவனுக்கும், அவன் பெண்டாட்டி தேன்மொழிக்கும், செம்மேட்டில் பிராய்லர் கடை வைத்திருந்த அப்பாஸ் அலிக்கும் மட்டும்தான் தெரியும்.

தனபாலைக் கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அப்பன் செத்தபோது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. தங்கை ராதிகாவுக்குப் பால்பல் விழவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அடுத்தவர் காட்டில் மரவள்ளி பிடுங்கினான், லாரியில் மூட்டை ஏற்றினான், முள்ளாகக் கிடந்த அப்பன் காட்டைத் திருத்தி சில்வர் ஓக் நட்டு மிளகு ஏற்றினான். தங்கையைப் படிக்க வைத்து நாமக்கல்லில் முரளிக்குக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தான். ராதிகா என்றால் அவனுக்கு உயிர். அவனிடம் இருந்த ஒரே கோளாறு, ஒரு தப்பைச் செய்துவிட்டால் அதை ஒப்புக்கொள்ள வாய் வராது. மென்று விழுங்கிவிடுவான். யாரிடமும் கையேந்தி நிற்கக் கூடாது என்று வைராக்கியமாக வளர்ந்தவனுக்கு, யார் முன்னாலும் தலை குனிந்து நிற்பதும் பழகாமலே போய்விட்டது.

வீட்டைச் சுற்றி அவன் போட்டிருந்த தோட்டம் பார்க்க லட்சணமாக இருக்கும். வாழை, கொய்யா, கமலா ஆரஞ்சு, பின்னால் பலா. தின்னக் கொடுத்து வைத்தவை குரங்குகள் மட்டும்தான். தின்றாலாவது பரவாயில்லை, ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே எறிந்துவிடும். தனபால் வெடி போட்டுப் பார்த்தான். கவண் வைத்துப் பார்த்தான். நாய் ஒன்றை வாங்கிக் கட்டினான், கிழட்டுக் கடுவன் ஒன்று அந்த நாயைக் கன்னத்தில் அறைந்துவிட்டு ஓட்டின் மேல் உட்கார்ந்து பல்லைக் காட்டியது. தேன்மொழி அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சோறு வடிப்பாள். ஒரு வாழைத்தார்கூட மரத்தில் பழுத்ததை அவன் பார்த்ததில்லை. அந்தக் கோபம் அவனைத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் வாழைக்குள் குரங்குக் கூட்டம் அட்டகாசம் செய்துகொண்டிருந்தபோது, தோட்டத்தின் மேல் ஒரு நிழல் சட்டென்று ஓடியது. தனபால் அண்ணாந்து பார்த்தான். கழுத்து வெள்ளையும் உடம்பு செம்பட்டையுமாக ஒரு கருடன். அது எதையும் பிடிக்கவில்லை, ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போய்விட்டது. ஆனால் கீழே ஒரு குரங்குகூட இல்லை. குட்டிகளை வயிற்றில் அணைத்துக்கொண்டு தாய்க் குரங்குகள் ஓடின ஓட்டத்தில் கொய்யாக் கிளை இரண்டு முறிந்து கிடந்தது. தனபாலுக்கு மூளையில் விளக்கு எரிந்தது.

அன்றே மொபெட்டை எடுத்துக்கொண்டு செம்மேட்டுக்குப் போனான். அப்பாஸ் அலி பேளுக்குறிச்சிக்காரர். அடிவாரத்திலிருந்து தினமும் கோழி வண்டியோடு மேலே ஏறி வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை போட்டிருந்தார்.

"பாய், கோழிக் குடல் எல்லாம் என்ன பண்றீங்க?"

"குழி தோண்டிப் பொதைக்கறேன். எதுக்குத் தம்பி, நாய்க்கா?"

"பருந்துக்குங்க. தோட்டத்துக்கு வரவெக்கணும்."

அப்பாஸ் அலி கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தார். "எடுத்துட்டுப் போங்க, எனக்கும் குழி வெட்டற வேலை மிச்சம். ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன். போன மாசம் இதே வாசல்ல ஒரு பொம்பள கறிப்பையைத் தூக்கிட்டு நின்னுது. மேல இருந்து ஒரே அடி. பை போச்சு, கையெல்லாம் ரத்தம். நாம போடறது எது, நாம வெச்சிருக்கறது எதுன்னு அதுக்குத் தெரியாது தம்பி. ருசி கண்டுட்டா மனுசன் மேல இருக்கற பயம் விட்டுப்போயிரும்."

"எந்தோட்டத்துல யாரு பாய் கறிப்பையோட நிக்கப் போறாங்க?" என்று சிரித்துக்கொண்டே தனபால் பெயிண்ட் வாளியை நீட்டினான்.

தோட்டத்தின் கீழ் ஓரத்தில் நாவல் மரத்தடியில் அவர்கள் வீட்டுக் கருப்பனார் இருந்தார். மூன்று கல், ஒரு வேல், அவ்வளவுதான் கோயில். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், வாழைக்கு நடுவில், முழங்கால் உயரத்துக்கு வழவழவென்று ஓர் உருண்டைக் கல் தரையிலிருந்து எழும்பி நின்றது. அந்தக் கல்லின் மேல் குடலைப் போட்டான். முதலில் வந்தவை காக்கைகள். அப்புறம் ஊர் நாய்கள். கருடன் வந்து சேர்வதற்குள் கல் வெறுமையாகிவிடும். வட்டில் தட்டிப் பார்த்தான், அந்தச் சத்தம் வாழையைத் தாண்டவில்லை. பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று யோசித்தபோதுதான் வீட்டுக்குள் ஆணியில் தொங்கிய சேகண்டி அவன் கண்ணில் பட்டது.

அது கருப்பனார் சேகண்டி. வெண்கலத்தில் தோசை அகலத்துக்கு இருக்கும். கோயிலில் வைத்தால் திருடு போய்விடும் என்று அவன் வீட்டில் வைத்திருந்தார்கள். பூசை நாளில் மட்டும் பூசாரி வந்து எடுத்துக்கொள்வார். தனபால் அதை ஆணியிலிருந்து எடுத்தபோது தேன்மொழி மாவு பிசைந்த கையோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, சாமி சாமானுங்க அது. குடலுக்கு அடிக்கறதாக்கும்?"

"கருடனும் சாமிதானே. பெருமாளையே தூக்கிட்டுப் போறவரு. அவருக்கு அடிச்சாத் தப்பில்ல."

பதில் அவனுக்கே கொஞ்சம் இடித்தது. ஆனால் பலன் கை மேல் கிடைத்தது. சில வாரங்களிலேயே, கட்டை சேகண்டியில் படுவதற்கும் கருடன் பள்ளத்திலிருந்து மேலே எழும்புவதற்கும் நேரம் சரியாக இருந்தது. அதன் பின்னால் இரண்டு கள்ளப்பருந்துகள் வந்தன. குரங்குகள் மறு சரிவுக்குப் போய்விட்டன. அந்த வருஷம் தனபால் மரத்திலேயே பழுத்த வாழைப்பழத்தைப் பறித்து ராதிகாவுக்குக் கொடுத்தனுப்பினான். பெட்டியைத் திறக்கும் முன்பே வாசனை வந்தது அண்ணா என்று அவள் போனில் சொன்னாள், அவனுக்கு அன்றைக்குப் பசிக்கவேயில்லை.

குடல் நாற்றமும் ஈயும் எறும்பும் தெரியாமலிருக்க, பருந்துகள் தின்றுவிட்டுப் போனதும் கல்லைக் கழுவி மஞ்சள் கரைத்து ஊற்றிவிடுவான். நாளாக நாளாகக் கல் மஞ்சளேறிப் பளபளத்தது. பக்கத்துக் காட்டு அத்தாயி ஒருநாள் முருங்கைக்கீரை கேட்டு வந்தவள் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வயசானவள், கோழி வளர்த்துப் பிழைக்கிறவள். மறுநாள் ஒரு செம்பருத்திப் பூவைக் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்தாள்.

"சாமி, நீ சேகண்டி அடிக்கறப்ப எம்பேரையும் ஒரு தரம் சொல்லு கண்ணு. எங்கோழிக்குஞ்செல்லாம் காணாமப் போவுது. என்ன தோசமோ தெரியல."

தனபால் வாளியைக் காலால் வாழைக்குப் பின்னால் தள்ளினான். "கீரிப்பிள்ளையா இருக்கும் அத்தே" என்றான்.

"பருந்துன்னு நெனச்சேன்."

"பருந்து எங்க அத்தே இங்க வருது. கீரிதான்."

அவள் தலைக்கு மேல் சில்வர் ஓக் மரத்தில் நாலைந்து பருந்துகள் கழுத்தைச் சாய்த்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தன. அத்தாயிக்குக் கண் மங்கல், அது அவனுக்கு நல்லதாகப் போயிற்று.

அதற்கப்புறம்தான் தோட்டத்தில் ஏதோ குறைகிறது என்று தேன்மொழி சொல்ல ஆரம்பித்தாள். என்ன என்று அவளுக்கே முதலில் பிடிபடவில்லை. பிறகு ஒரு காலையில் கண்டுபிடித்தாள். கிளிச் சத்தம் இல்லை. மைனா இல்லை. கொய்யா பழுத்துக் கிடந்தது, கொத்த ஓர் அணில் இல்லை. அவ்வளவு பெரிய தோட்டத்தில் இலை உரசுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. மேலே கிளைகளில் பருந்துகள் உட்கார்ந்திருந்தன. எண்ணப்போய்ப் பாதியில் விட்டுவிட்டாள். கருடன்கள் இரண்டோ மூன்றோ, மற்றதெல்லாம் கள்ளப்பருந்து. அவள் துணி காயப்போட நடந்தால் அத்தனை தலையும் அவளோடு சேர்ந்து திரும்பும்.

சந்தையிலிருந்து கருவாடு வாங்கி வந்த அன்று அது நடந்தது. வாசலில் நின்று பொட்டலத்தைப் பிரித்தாள். சத்தமே இல்லை, காற்று மட்டும் முகத்தில் அடித்தது. பொட்டலம் போய்விட்டது. மணிக்கட்டில் தோல் கிழிந்து தொங்கியது. தனபால் ஓடி வந்து வேட்டியைக் கிழித்துக் கட்டினான்.

"நிறுத்திருங்க. எனக்குப் பயமா இருக்குது" என்றாள் தேன்மொழி. 

தனபால் நிறுத்தினான். அதையும் சொல்ல வேண்டும், மனுஷன் நிஜமாகவே நிறுத்தினான். சேகண்டியை ஆணியில் மாட்டினான், வாளியைக் கவிழ்த்து வைத்தான். பருந்துகள் போகவில்லை. விடியற்காலையில் ஓட்டின் மேல் வரிசையாக வந்து உட்கார்ந்து வாசலையே பார்த்தன. அவன் கையை ஆட்டினால் எழும்பி மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தன. அத்தாயியின் குஞ்சுகள் போய் இப்போது வளர்ந்த கோழிகளும் போயின. நாய் போட்ட குட்டிகளில் ஒன்று காணாமல் போனது. பட்டினி போட்டால் இன்னும் மோசம் என்று பயந்துபோய், வாரம் திரும்புவதற்குள் மறுபடி வாளியைத் தூக்கினான். பிறகு ஒருநாளும் அவனால் நிறுத்த முடியவில்லை. யாருக்கு யார் வேலைக்காரன் என்று அப்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் ராதிகா போன் செய்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தையில்லாமல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, அப்புறம் பிறந்தவன் மகிழன். பிள்ளை பிறந்தால் பிறந்த வீட்டுக் கருப்பனாருக்கு மொட்டை அடித்துக் காது குத்துகிறேன் என்று அவள் வேண்டியிருந்தாள். முதல் மொட்டை முரளி வீட்டுக் குலசாமிக்கு முடிந்துவிட்டது. முடி வளர்ந்துவிட்டது, இனி தள்ளிப்போட வேண்டாம், வைகாசியில் வைத்துவிடலாம் என்றாள்.

"தாய்மாமன் மடியில உக்காரணும்ல அண்ணா. உன்ற மடிதான் அவனுக்கு."

போனை வைத்த பிறகுதான் தனபாலுக்கு அது உறைத்தது. கருப்பனார் பூசையில் ஒரு முறை உண்டு. மொட்டை முடிந்து தலையில் சந்தனம் பூசியதும் பூசாரி சேகண்டி அடிப்பார். சத்தம் கேட்டுச் சாமி இறங்கி வந்து பிள்ளையைப் பார்க்கும். சேகண்டி ஓயும் வரைக்கும் தாய்மாமன் பலகையை விட்டு எழக் கூடாது, எழுந்தால் வேண்டுதல் முறிந்துபோகும். சேகண்டி அடித்தால் எது இறங்கி வரும் என்று தனபாலுக்குத் தெரியும்.

அவன் முதலில் செய்தது, பூசாரி அர்த்தனாரியிடம் போய் ஒரு பொய்யைச் சொன்னது. அவர் அவனுக்குப் பெரியப்பா முறை.

"பெரியப்பா, சேகண்டி விரிசல் உட்டுருச்சு. இந்தத் தரம் அடிக்காம முடிச்சுக்கலாங்களா?"

அர்த்தனாரி கூடவே கிளம்பி வந்துவிட்டார். சேகண்டியை எடுத்து விரலால் சுண்டினார், கணீரென்றது. "விரிசல் இதுல இல்லடா, உன்ற காதுல இருக்குது" என்று சிரித்தார். வெளியே ஓட்டின் மேல் சிறகுகள் படபடத்தன. அவர் கவனிக்கவில்லை.

அடுத்து அதை மிளகு மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, காணவில்லை என்றான். சேகண்டி இல்லாமல் சாமி எப்படி வரும், கிடைக்கிற வரைக்கும் காதுகுத்தைத் தள்ளிவைக்க வேண்டியதுதான் என்று பூசாரி சொல்லிவிட்டார். அதைக் கேட்டு ராதிகா போனில் அழுதாள். சாமிக்கு என் பிள்ளை மேல் என்ன கோபம் அண்ணா என்று கேட்டாள். அந்த அழுகையை அவனால் தாங்க முடியவில்லை. மறுநாள் சேகண்டி கிடைத்துவிட்டது.

தேன்மொழி விடவில்லை. "மறைச்சு மறைச்சு வெக்கறது எதுக்குங்க? உள்ளதைச் சொல்லிருங்க. தோட்டத்துல வேண்டாம், மேல ரோட்டுக் கோயில்ல வெச்சுக்கலாமுன்னு சொல்லுங்க. ராதிகா உங்களை என்ன கடிச்சாத் திங்கப் போறா?"

"ராதிகா இல்ல தேனு. முரளி ஊட்டுச் சனமே வருது. சாமி சேகண்டியில கோழிக் கொடலுக்கு அடிச்சவன்னு தெரிஞ்சா, அந்தக் கையால பிள்ளையத் தொட உடுவாங்களா? காதுகுத்து முடிஞ்சு அவங்க போவட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

"அன்னைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

அதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். அன்று விடியும் முன்னால் இரண்டு மடங்கு குடல் போட்டு வயிறு முட்டத் தின்ன வைத்துவிட்டால், எது அடித்தாலும் அசையாது. கிடாவைக்கூடத் தோட்டத்தில் வெட்டக் கூடாது, ஓடைப் பக்கம் கொண்டுபோய் வெட்டுங்கள் என்று சொல்லிவைத்தான். இப்படியெல்லாம் யோசித்து வைத்திருப்பதே அவனுக்குத் தைரியமாக இருந்தது.

வைகாசியில் குறித்த நாள் வந்தது. முரளி வீட்டார் முந்தின நாளே வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். சமையல் அடுப்பு பற்றவைக்கும் முன்பே தனபால் இரண்டு வாளி குடலைக் கல்லில் கொட்டிவிட்டு வந்தான். சேகண்டி அடிக்கவில்லை. வாளியைப் பார்த்ததுமே எல்லாம் இறங்கிவிட்டன. தின்றன. தின்னத் தின்ன, பள்ளத்தின் மறுபக்கத்திலிருந்து அவன் இதுவரை பார்க்காதவையும் வரத் தொடங்கின. அவ்வளவு தீனி கிடக்கும்போது வானத்தில் இருப்பவற்றுக்குத் தெரியாமலா போகும். வெளிச்சம் வந்தபோது கல் காலியாகிவிட்டது. கடைசியாக வந்தவை ஒன்றும் கிடைக்காமல் மரத்தில் உட்கார்ந்திருந்தன. தனபால் அவசர அவசரமாகக் கல்லைக் கழுவி மஞ்சள் ஊற்றிவிட்டுக் குளிக்கப் போனான்.

நாவல் மரத்தடியில் பொங்கல் வைத்தார்கள். மகிழன் துறுதுறுவென்று இருந்தான். ஒன்றரை வயசு. மாமனைப் பார்த்தால் மீசையைப் பிடித்து இழுப்பான். தனபால் பட்டு வேட்டி கட்டிப் பலகையில் உட்கார்ந்தான். தாய்மாமன் சீராகத் தான் வாங்கி வைத்திருந்த வெள்ளி அரைஞாணைப் பிள்ளையின் இடுப்பில் கட்டி, மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். பிள்ளை கனமாகவும் சூடாகவும் இருந்தான். முடி எடுக்கிறவர் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்ததும் வீரிட்டு அழுதான். ராதிகா எதிரில் நின்று கையைத் தட்டிச் சிரிப்புக் காட்டினாள். மொட்டை முடிந்தது. ஆசாரி காதைக் குத்தினார். பொட்டு ரத்தம் வந்தது, துடைத்தார்கள்.

பிறகு ராதிகா கிண்ணத்திலிருந்து சந்தனத்தை அள்ளிப் பிள்ளையின் தலை முழுக்கப் பூசினாள்.

தனபால் குனிந்து பார்த்தான். வழவழவென்று, உருண்டையாக, மஞ்சளாக, ஈரத்தோடு பளபளக்கிற அந்தத் தலையைப் பார்த்தான்.  நிமிர்ந்து வாழைக்கு நடுவில் இருந்த கல்லைப் பார்த்தான். மறுபடி தலையைப் பார்த்தான். சேகண்டியைப் பற்றி யோசித்தவன், கிடாவைப் பற்றி யோசித்தவன், சந்தனத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

"பெரியப்பா, இருங்க" என்று வாயெடுத்தான். கட்டை சேகண்டியில் விழுந்துவிட்டது.

கணீர் கணீரென்று சத்தம் பள்ளத்தில் உருண்டது. பள்ளத்திலிருந்து முதலில் எழும்பியது கருடன். நாவல் மரத்துக்கு மேல் ஒரு வட்டம் அடித்தது. கூட்டம் அப்படியே சிலிர்த்துப் போயிற்று. எல்லோருடைய கையும் தலைக்கு மேல் குவிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அத்தாயி தரையில் விழுந்து கும்பிட்டாள். ராதிகாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவளை இவ்வளவு சந்தோஷமாகத் தனபால் பார்த்ததே இல்லை.

அவன் உள்ளங்கையை விரித்துப் பிள்ளையின் தலையை மூடினான்.

"தம்பி, கையை எடுங்க" என்றார் முரளியின் அம்மா. "கருடன் பாக்கட்டும். அதோட பார்வை பிள்ளை மேல விழணும்."

"வெயிலடிக்குதுங்க" என்றான். 

"கையை எடுடா" என்று அர்த்தனாரி சேகண்டி அடித்துக்கொண்டே அதட்டினார். "சாமி பாக்க வந்திருக்குது, நீ மூடறே."

ராதிகா கண்ணாலேயே கெஞ்சினாள். முரளி பார்த்தான். வேனில் வந்த சனம் பூராவும் அவனைப் பார்த்தது. ஏன் எடுக்கமாட்டேன் என்கிறாய் என்று யாராவது கேட்டால் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதில் அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பிறகு, நிழல்கள் ஒன்றல்ல, பலவாகத் தரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவன் கையை எடுத்தான்.

ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகியிருக்காது. காற்று முகத்தில் அடித்தது. அவன் பிள்ளையின் மேல் கவிழ்ந்தான். கவிழ்வதற்குள் முடிந்துவிட்டது. முதுகில் இரண்டு மூன்று அடி விழுந்தது, தோளில் நகம் இறங்கியது. அது வலித்ததாகவே அவனுக்குத் தெரியவில்லை. அடியில் மகிழன் அலறிய அலறல்தான் கேட்டது. சேகண்டி நின்றது.

தலை உச்சியிலிருந்து புருவம் வரைக்கும் மூன்று கோடு. ரத்தம் சந்தனத்தில் கலந்து ஒழுகியது. செம்மேடு ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர், கண்ணுக்கு ஒரு விரல்கடைதான் மிச்சம் என்றார். வராந்தாவில் தனபால் சுவரைப் பார்த்து நின்றான். எல்லோரும் திட்டுவார்கள் என்று காத்திருந்தான். யாரும் திட்டவில்லை. நடந்ததுதான் அதைவிட மோசம்.

"கருடன் தொட்ட பிள்ளை" என்றார் முரளியின் அம்மா. அர்த்தனாரி அதற்கு ஒருபடி மேலே போய், மூன்று கோடும் கருப்பனார் போட்ட விபூதிப் பட்டை என்றார். தாய்மாமன் முதுகு கிழியப் பிள்ளையைக் காத்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. ராதிகா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி தொட்டிருக்குது அண்ணா, இனி இவனுக்கு ஒண்ணும் வராது" என்றாள். தையல் பிரிக்கிற வரைக்கும் பிறந்த வீட்டிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னாள். காதுகுத்து முடிந்ததும் சொல்கிறேன் என்றவன், காதுகுத்து முடிந்து எத்தனையோ நாளாகியும் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். தேன்மொழி அவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

அமாவாசையன்று காலையில் வாசலில் ஆள் சத்தம் கேட்டு வெளியே வந்தான். நாவல் மரத்தடியில் ஜனம் நின்றது. பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். இடுப்பில் பிள்ளைகள். சில பிள்ளைகளுக்கு அப்போதே மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தது. முன்னால் நின்றவள் அத்தாயி. மகள் வயிற்றுப் பேத்தி, பல் முளைக்காத குழந்தை, அவள் தோளில் தூங்கியது. அதன் தலை மஞ்சளாகப் பளபளத்தது.

"கருடன் இதையும் ஒரு தரம் தொடட்டும் சாமி" என்றாள் அத்தாயி. "காய்ச்சலாவே கெடக்குது."

அர்த்தனாரி சேகண்டியை எடுத்து மரக்கிளையில் மாட்டிக் கட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். மேலே சில்வர் ஓக் மரங்களில் கிளை தாழ்ந்து கிடந்தது.

தனபால் கட்டையை அவருக்கு முந்தி எடுத்துக்கொண்டான். "பிள்ளைகளை ஊட்டுக்குள்ள கூட்டிட்டுப் போங்க" என்றான். யாரும் அசையவில்லை. "போங்கங்கறேன்ல" என்று அவன் போட்ட அதட்டலில் குழந்தைகள் அழ ஆரம்பித்தன. தேன்மொழி ஓடி வந்து அத்தாயியைத் தள்ளிக்கொண்டு போய் பிள்ளை வைத்திருந்தவர்களை உள்ளே விட்டுக் கதவில் நின்றாள். தனபால் பின்பக்கம் போய் வாளியைத் தூக்கி வந்தான். எல்லோரும் பார்க்க, அத்தாயி பூ வைத்த கல்லின் மேல், பூவோடு சேர்த்துக் குடலைக் கொட்டினான். வந்து சேகண்டியை அடித்தான்.

அவை இறங்கின. சிறகோடு சிறகு மோதி, கல்லை மறைத்து, ஒன்றை ஒன்று கொத்தி இழுத்துத் தின்றன. நடுவில் கருடனும் குடலை மிதித்துக்கொண்டு நின்றது.

"சாமிக்கு வரலீங்க" என்றான் தனபால். "இதுக்குத்தான் வருது. நாந்தான் பழக்கினேன். இந்தச் சேகண்டியிலதான் பழக்கினேன். மஞ்சள்னாத் தீனின்னு பழக்கினதும் நாந்தான். உங்க கோழியும் இதுகதான் அத்தே. கீரி இல்ல."

அர்த்தனாரி மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கல்லையே பார்த்தாள், அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. வாய்க்கு வந்தபடி யாரோ திட்ட ஆரம்பித்தார்கள். அது அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

ராதிகா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். மகிழனை முந்தானைக்குள் வைத்துத் தலையை மூடியிருந்தாள். கூட்டம் வழிவிட்டது. அவனுக்கு மிக அருகில் வந்து நின்றாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னைக்கு அவன் தலை மேல கை வெச்சியே. அப்ப உனக்குத் தெரியுமா அண்ணா?"

"தெரியும் கண்ணு."

"தெரிஞ்சுதான் கையை எடுத்தியா?"

தனபால் தலையைக் குனிந்தான். அவன் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

அவள் பிள்ளையின் இடுப்பில் விரலை விட்டு அரைஞாண் முடிச்சை அவிழ்த்தாள். இறுக்கமான முடிச்சு, நேரமாயிற்று. வெள்ளியை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, முந்தானையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நடந்தாள். தேன்மொழி அவள் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

கல்லில் தீனி தீர்ந்துபோய், பருந்துகள் ஒவ்வொன்றாக மேலே எழும்பின. ஒரு நிழல் அவன் கையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. வெயிலில் வெள்ளி பளிச்சென்றது. தனபால் சட்டென்று கையை மூடிக்கொண்டான்.